கையில் இருக்கும் பணத்துக்கு நல்ல கார்: மூன்று வழிகளும் ஒரு கணக்கும்

கார் வாங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "கையில் இவ்வளவுதான் இருக்கிறது. புதுசாகவே வாங்கிவிடலாமா, இல்லை இதே பணத்துக்கு இன்னும் நல்லதாகப் பழையது பார்க்கலாமா?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்?" அதை யோசித்து வைத்திருப்பவர்கள் குறைவு. மாடல், நிறம், மைலேஜ் எல்லாம் விரல் நுனியில் இருக்கும்; இந்த ஓர் எண் மட்டும் இருக்காது. ஆனால் எது மலிவு, எது விலை அதிகம் என்பதை முடிவு செய்வதே அந்த எண்தான்.

தரம் என்றால் என்ன என்பதையும் முதலிலேயே பேசிவிடலாம். கதவைச் சாத்தும்போது வரும் கனமான சத்தம், மெத்தென்ற டேஷ்போர்டு, பெரிய திரை எல்லாம் ஷோரூமில் பத்து நிமிஷத்தில் மனதைப் பிடித்துவிடும். நான் தரம் என்று சொல்வது வேறு மூன்றை. மோதல் நடந்தால் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வேண்டும். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்ப வேண்டும், அதுவும் வருஷக்கணக்கில். பழுதானால் சரிசெய்ய ஆளும் பாகமும் சிரமமில்லாமல் கிடைக்க வேண்டும். இந்த மூன்றிலும் குறை வைக்காமல் விலையை எவ்வளவு இறக்க முடியும் என்பதுதான் விஷயம். மற்றதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம்.

ஒரே பணத்துக்கு வழக்கமாக மூன்று வழிகள் எதிரே நிற்கும். முதலாவது, புதிய சிறிய கார், பெரும்பாலும் அதன் கீழ் மாடல். இரண்டாவது, மூன்று நான்கு வருஷம் ஓடிய, ஒரு படி பெரிய கார். மூன்றாவது, எட்டுப் பத்து வருஷமான சொகுசு கார்.

மூன்றாவது வழியை முதலில் பேசி முடிப்போம்

பழைய சொகுசு காரின் மேல் வரும் ஆசை நியாயமானதுதான். ஒரு காலத்தில் எட்டாத உயரத்தில் இருந்த வண்டி, இன்று சிறிய புதுக்காரின் விலைக்குக் கிடைக்கிறது. தோல் இருக்கை, ஆறு சிலிண்டர் இன்ஜின், வெளிச்சத்தம் கேட்காத கேபின். ஓட்டிப் பார்த்தால் இறங்க மனம் வராது.

ஆனால் இறங்கியது காரின் விலை மட்டும்தான். அதன் பாகங்களின் விலை இறங்கவில்லை. அந்தக் கார் புதிதாக வந்தபோது எந்த வரிசையில் நின்றதோ, அந்த வரிசைக்கான விலையில்தான் அதன் ஸ்பேர் பார்ட்ஸ் இன்றும் விற்கின்றன. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால், அதில் காற்று நிரம்பியிருக்கும் ரப்பர் பைகள் வயதாக ஆக விரிசல் விடும். காற்று கசியக் கசிய கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், ஒருநாள் அதுவும் போய்விடும். இப்படி ஒரு பழுது இன்னொன்றை இழுத்துவரும். வண்டி வாங்கிய பணத்தில் கணிசமான பங்கு ஒரே ரிப்பேரில் கரைந்துவிட்டால், மலிவாக வாங்கினோம் என்பதற்கு அர்த்தமே இல்லை. வேலை தெரிந்தவர், வீட்டில் இன்னொரு வண்டி வைத்திருப்பவர் வாங்கி ஆசை தீர ஓட்டலாம். இருக்கப்போவது ஒரே கார், தினமும் அதில்தான் போக வேண்டும் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

சரி, மீதம் இரண்டு வழிகள்.

புதிய விலையை 100 என்று வைத்துக்கொண்டால்

ஒரு காரின் புதிய விலை 100 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வருஷம் அது 65-க்குப் போகிறது, ஐந்தாவது வருஷம் 50-க்கு, எட்டாவது வருஷம் 35-க்கு, பன்னிரண்டாவது வருஷம் 15-க்கு. இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் சந்தையில், நீங்கள் பார்க்கும் மாடலுக்கு என்ன விலை போகிறதோ அதைப் போட்டுப் பாருங்கள். சரிவின் போக்கு மட்டும் பொதுவாக இப்படித்தான் இருக்கும், முதல் சில வருஷங்களில் செங்குத்தாகவும் பிறகு மெதுவாகவும்.

ஐந்து வருஷம் வைத்திருந்து விற்கப்போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வோம். புதியதாக வாங்கியவருக்கு 50 போகிறது, வருஷத்துக்கு 10. மூன்று வருஷப் பழையதை 65-க்கு வாங்கி, எட்டாவது வருஷத்தில் 35-க்கு விற்பவருக்கு 30 போகிறது, வருஷத்துக்கு 6. பழைய வண்டிக்குக் கூடுதல் ரிப்பேர் வரும். அதற்கு வருஷத்துக்கு 1 சேர்த்தாலும் 7 தான். இங்கே பழையது தெளிவாக முந்துகிறது.

இப்போது இருவருமே வண்டியின் பன்னிரண்டாவது வயது வரை வைத்திருந்து 15-க்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று போட்டுப் பாருங்கள். புதியதுக்கு 85-ஐப் பன்னிரண்டால் வகுத்தால், வருஷத்துக்கு 7 சொச்சம். பழையதுக்கு 50-ஐ ஒன்பதால் வகுத்து, ரிப்பேருக்கு 1 சேர்த்தால் ஆறரைச் சொச்சம். வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. முதல் மூன்று வருஷ வாரண்டி, முந்தைய ஆள் எப்படி ஓட்டினாரோ என்ற கவலை இல்லாமை, புதிய பாதுகாப்பு அம்சங்கள், இவற்றையெல்லாம் அந்தச் சிறு வித்தியாசத்துக்குப் பெற முடியும் என்றால் நான் புதியதைத்தான் எடுப்பேன்.

இதிலேயே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. சில மாடல்களுக்கு மறுவிற்பனை மதிப்பு மிக அதிகம். மூன்று வருஷம் ஓடியதற்கும் 80 கேட்பார்கள். அதே கணக்கைப் போட்டால் வருஷத்துக்கு எட்டுக்கு மேல் வருகிறது. அதாவது புதியதைவிடப் பழையதே செலவு. மேலே சொன்ன எண்களின்படி, நீண்ட காலம் வைத்திருக்கப்போகிறவருக்குத் தராசு சமமாக நிற்கும் இடம் ஏறக்குறைய 70. அதற்கு மேல் கேட்டால் நான் புதியதைப் பார்ப்பேன். எல்லோரும் "விலை இறங்காத வண்டி" என்று புகழும் மாடலைப் பழையதாக வாங்குவதில் அவ்வளவு லாபமில்லை. அதைப் புதிதாக வாங்கி நெடுநாள் வைத்துக்கொள்வதே நல்லது. சந்தையில் பெயர் எடுக்காததால் மட்டும் விலை வேகமாக இறங்கும் நல்ல வண்டிகளும் இருக்கின்றன. பாகங்கள் தடையில்லாமல் கிடைக்குமானால், பழைய கார் வாங்குகிறவருக்கு அவைதான் உண்மையான அதிர்ஷ்டம்.

கடன் வாங்குகிறவர்கள் வட்டியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய காருக்கான கடனுக்கு வட்டி பொதுவாகக் கூடுதல். வட்டி விகிதத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். முழு அசலுக்கும் கடைசி வரை போடும் வட்டியா, குறைந்துவரும் அசலுக்கான வட்டியா என்று கேளுங்கள். ஒரே சதவீதமாகத் தெரிந்தாலும் முதலாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனமானது. எந்தக் கடனானாலும் மொத்தமாகத் திருப்பிக் கட்டும் தொகையை எழுதி வாங்கிக்கொண்டு ஒப்பிடுவதுதான் வழி. மாதத் தவணை சிறியதாகத் தெரிய வேண்டும் என்று தவணைக் காலத்தை நீட்டினால், காரின் மதிப்பு கடனைவிட வேகமாக இறங்கும். நடுவில் விற்க வேண்டி வந்தால் கையிலிருந்து பணம் போட்டுத்தான் கடனை அடைக்க வேண்டியிருக்கும்.

புதியது என்றால்: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது

சிறிய காரின் உச்ச மாடலா, பெரிய காரின் கீழ் மாடலா என்று பலரும் தடுமாறுகிறார்கள். நான் பெரும்பாலும் இரண்டாவதன் பக்கம். சன்ரூஃப், பெரிய திரை, அலாய் வீல் ஆகியவைதான் உச்ச மாடலின் விலையை ஏற்றுகின்றன. காரில் முதலில் பழசாவது திரைதான். பெரிய அலாய் வீலுக்குப் போடும் பக்கச்சுவர் குறைந்த டயர் விலையும் கூடுதல், பள்ளத்தில் இறங்கும்போது அதிர்வும் கூடுதல். மியூசிக் சிஸ்டமும் கேமராவும் பிற்பாடு மாட்டிக்கொள்ளலாம். காரின் உடற்கூட்டின் உறுதி, ஏர்பேக், வண்டி சறுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடித்து நேராக்கும் இஎஸ்சி ஆகியவற்றை எந்தக் கடையிலும் பின்னால் மாட்ட முடியாது. ஆகவே கீழ் மாடலில் அவை இருக்கின்றனவா என்பதை மட்டும் விடாப்பிடியாகப் பாருங்கள். இல்லையென்றால் அதற்கு அடுத்த மாடலுக்கு ஏறுங்கள், இல்லை வேறு கார் பாருங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் பேரம் வேண்டாம்.

மலிவு என்றால் பாதுகாப்பு குறையத்தானே செய்யும் என்பவர்களிடம் நான் 2016-இல் நடந்த ஒரு சோதனையைச் சொல்வதுண்டு. மெக்சிகோவில் விற்ற நிசான் சூரு என்ற காரையும், அமெரிக்காவில் விற்ற நிசான் வெர்சா என்ற காரையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். ஒரே நிறுவனத்தின் வண்டிகள். அந்தந்த நாட்டில் அந்த நிறுவனத்தின் மலிவான செடான் இவைதான். இரண்டும் சேர்ந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 129 கிலோமீட்டர். வெர்சாவின் ஓட்டுநர் இருக்கைப் பகுதி ஏறக்குறைய அப்படியே நின்றது. ஏர்பேக் இல்லாத சூருவின் முன்பகுதி நசுங்கி, ஓட்டுநர் இடத்தில் இருந்த பொம்மையின் மேல் ஏறியது. உண்மையான ஆள் உட்கார்ந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். 2017-இல் சூருவின் தயாரிப்பே நின்றது. இரண்டும் மலிவான கார்கள்தான். ஒன்றின் வடிவமைப்பு 1990-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது, மற்றது புதிய விதிகளுக்கு உட்பட்டுச் செய்யப்பட்டது. வித்தியாசம் விலையில் மட்டும் இல்லை.

மோதல் சோதனையின் நட்சத்திர மதிப்பீடு பார்க்கும்போது எந்த வருஷத்துச் சோதனை என்பதையும் பாருங்கள். சோதனை விதிகள் சில வருஷங்களுக்கு ஒருமுறை கடுமையாகின்றன. பத்து வருஷத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. ஒரே பெயரில் வரும் கார் நாட்டுக்கு நாடு வேறு வேறு தகுதியில் விற்கப்படுவதும் உண்டு. உங்கள் சந்தையில் விற்கும் வண்டிக்கான முடிவுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய கார் பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் எல்லாப் புதிய கார்களுக்கும் இஎஸ்சி கட்டாயம். அதற்கு முந்தைய வண்டியிலும், அந்த விதி இல்லாத இடத்தில் விற்ற வண்டியிலும் அது இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

புதிதாக வந்த மாடலின் முதல் வருஷத்து வண்டியையும் நான் தவிர்ப்பேன். இரண்டு மூன்று வருஷம் ஓடி, ஆரம்பக் குறைகள் தீர்ந்து, அடுத்த மாற்றத்துக்குக் காத்திருக்கும் மாடலுக்குத் தள்ளுபடியும் கிடைக்கும்.

பழையது என்றால்: கிட்டப் போய்ப் பாருங்கள்

என் தங்கைக்காக ஒரு கார் பார்க்கப் போனேன். நான்கு வருஷ வண்டி, ஓடியது குறைவு, விலையும் சரி. பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. உள்ளே வாசனைத் திரவியம் கொஞ்சம் தூக்கலாகவே அடித்தது. ஓட்டுநர் சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தேன். வழக்கமாக நாம் இழுக்கும் அளவுக்கு மேல், முழுக்க வெளியே வரும்வரை. கடைசி ஒரு முழத்தில் பட்டையின் நிறம் மாறியிருந்தது. நுண்ணிய வண்டல் கோடு ஒன்று குறுக்கே ஓடியது. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியின் விளிம்பை விரலால் தடவினால் மண். இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு. அந்த வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை; கேட்ட பிறகும் மறுத்தார். தண்ணீர் புகுந்த காரில் உடனே எதுவும் தெரியாது. ஒயரிங் இணைப்புகள் உள்ளுக்குள் பச்சை பூத்து, மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகக் கைவிடும். ஏர்பேக் கட்டுப்பாட்டு யூனிட்டும் பல கார்களில் தரையோடுதான் இருக்கிறது. என் தங்கை அதில் குழந்தையை உட்கார வைத்திருப்பாள் என்று நினைக்கும்போது இன்றும் பதறுகிறது.

அன்றிலிருந்து பழைய கார் பார்க்கும்போது எனக்கு ஒரு வரிசை உண்டு. காலையில், வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போவேன். முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். போனதும் பானட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுவேன். குளிர்ந்த இன்ஜின் மறைக்காததைச் சூடான இன்ஜின் மறைத்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சிறிது நேரத்தில் நிற்காமல் தொடர்ந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் எரிபொருள் எரியும் அறைக்குள் போகிறது. முதல் சில விநாடிகளில் சங்கிலி குலுங்குவதுபோல் சத்தம் வந்தால் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். செயினுக்குப் பதில் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அதை எப்போது மாற்றினார்கள் என்ற ரசீதைக் கேட்கிறேன். பல இன்ஜின்களில் அந்த பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

அடுத்து டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். டயர் பத்து வருஷம் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றச் சொல்வார்கள். நான் இந்த எண்ணை வேறொன்றுக்கும் பயன்படுத்துகிறேன். ஓடோமீட்டர் இருபதாயிரம் கிலோமீட்டர் காட்டும் நான்கு வருஷ வண்டியில் நான்கு டயரும் சென்ற வருஷத்தவை என்றால், முதல் டயர்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டும். பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டீயரிங்கின் வழவழப்பு, ஓட்டுநர் இருக்கையின் வெளி விளிம்பு ஆகியவையும் வண்டியின் உண்மையான உழைப்பைச் சொல்லும். எல்லாவற்றையும் சர்வீஸ் ரெக்கார்டில் உள்ள தேதியோடும் கிலோமீட்டரோடும் ஒப்பிட்டால் படம் தெளிவாகிவிடும். ரெக்கார்டே இல்லை என்றால் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

கண்ணாடிகளின் மூலையிலும் தயாரித்த வருஷத்தின் குறி இருக்கும். ஐந்து கண்ணாடி ஒரு வருஷமும் ஒன்று மட்டும் வேறு வருஷமும் என்றால் அந்தப் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். கதவு, பானட் கீல்களின் போல்ட் தலையில் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. வெளிக்கதவு மாறியது பெரிய விஷயமில்லை; கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறாரா என்பதுதான் விஷயம். முன்பக்கச் சட்டத்தில் வெல்டிங் தெரிந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

ஓட்டிப் பார்ப்பதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி மெதுவாக நகர்த்தும்போது டக் டக் என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு தேய்ந்திருக்கிறது. மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் வேகம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் முடியப்போகிறது. அப்புறம் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கையோடு அழைத்துப் போங்கள். பழுதுக் குறியீடுகளை விற்கும் முன் அழித்துவிடுவது எளிது. ஆனால் அழித்தால், வண்டியின் சுய பரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டும். நல்ல மெக்கானிக் முதலில் பார்ப்பதே அதைத்தான். அவருக்குக் கொடுக்கும் கூலி இந்த மொத்த வேலையிலும் மிகப் பயனுள்ள செலவு.

எரிபொருளும் கியரும், சுருக்கமாக

தினமும் குறைந்த தூரம், நகருக்குள் என்றால் டீசல் வேண்டாம். இன்றைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, நெடுஞ்சாலையில் தொடர்ந்து கொஞ்ச நேரம் ஓட வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும், மாற்றுவது பெருஞ்செலவு. நிறைய ஓட்டுகிறவருக்கு டீசல் இன்னும் நன்றாகவே உழைக்கும்.

பழைய மின்சாரக் காரில் தரம் என்றாலே பேட்டரிதான். ஓடிய கிலோமீட்டரைவிட பேட்டரியில் எவ்வளவு திறன் மிச்சம் என்ற அறிக்கையைக் கேளுங்கள். பல நிறுவனங்கள் எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை பேட்டரிக்கு வாரண்டி தருகின்றன. அது அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெப்பமான இடத்தில் ஓடிய வண்டி என்றால், பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் அமைப்பு உள்ளதைத்தான் நான் தேடுவேன். வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லாதவர் இப்போதைக்கு பெட்ரோலிலோ ஹைபிரிடிலோ இருப்பதே நிம்மதி.

ஆட்டோமேட்டிக் வேண்டுமானால், பழைய காரில், இன்ஜின் விசையைத் திரவத்தின் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகைக்கே என் ஓட்டு. நெரிசலில் நின்று நின்று போவதை அது நன்றாகத் தாங்கும். தனித்தனி கியர்கள் இல்லாமல் பெல்ட்டில் இயங்கும் சிவிடி வகையில் கியர் ஆயில் காலத்தில் மாற்றப்பட்டிருக்கிறதா என்று ரெக்கார்டில் பாருங்கள். கிளட்சை மோட்டார் இயக்கும் ஏஎம்டி மலிவு. கியர் மாறும்போது வரும் சின்ன உதறல் பொறுத்துக்கொள்ள முடியுமானால் புதிய சிறிய காருக்குப் போதுமானது.

என் தங்கை அந்த வெள்ளக் காரை விட்டபின் மேலும் இரண்டு மாதம் தேடினாள். ஏழு வருஷமாவது வைத்திருப்பேன் என்றாள். கிடைத்தது மூன்றரை வருஷமான, ஒரே உரிமையாளர் ஓட்டிய, சாம்பல் நிற ஹேட்ச்பேக். திரை சிறியது, இருக்கை துணி, அலாய் வீல் இல்லை. ஆறு ஏர்பேக், இஎஸ்சி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரசீது. புதியதின் விலை 100 என்றால், கேட்ட விலை 62. பின் கதவில் ஒரு கீறலை உரிமையாளரே காட்டி, எப்படி விழுந்தது என்றும் சொன்னார். விலை பேசி முடித்த அன்றே மெக்கானிக்கிடம் விட்டு இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டர்களையும் மாற்றினோம். முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்ததால் அவற்றையும் மாற்றினோம். அதற்கான பணத்தை, கார் வாங்க வைத்திருந்த தொகையிலிருந்து முதலிலேயே ஒதுக்கி வைத்திருந்தாள்.